கதவுக்கு வெளியே அமுதா

போன வாரம் போளூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பெயர் ரம்யா. புதிதாக ஓர் இசைக்குழுவில் பாடுகிறாளாம். என் நம்பரை யாரோ கொடுத்திருக்கிறார்கள். உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பிட்டாயிற்றா என்ற விசாரிப்பெல்லாம் இல்லாமல் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"அக்கா, அந்தக் கதவுப் பாட்டு இருக்குதில்ல, ரெக்கார்டுல ஆம்பளைக் குரல்தான் மொதல்ல வருது. ஆனா நம்ம பக்கத்து மேடையில எல்லாரும் பொம்பளைய மொதல்ல பாட விடறாங்க. ட்ராக் போட்டுப் பாடறப்போ எங்களுக்கு ஒரே குழப்பம். எது கரெக்டு?"

"ரெண்டும்தாம்மா" என்றேன்.

"அதெப்படிக்கா?" என்று அவள் விடாமல் கேட்டாள். சொல்ல ஆரம்பித்தால் போனில் முடிகிற கதையா அது? மெல்லிசைக் கலைஞர்கள் சங்கத்து மலருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ரொம்ப நாளாக நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காயாக இருக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். ரம்யா, இது உனக்குத்தான்.

நான் கீபோர்டு தேவகி. திருவண்ணாமலையில் நயினார் மாஸ்டர் குழு என்றால் இந்த மாவட்டத்தில் மண்டபம் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். அதில் கல்யாணமான புதிதில் சேர்ந்து, கட்டைவிரல் மூட்டு மடங்க மறுத்த நாள் வரைக்கும் வாசித்தேன். இப்போது வாத்தியம் வாசிக்கிறவர்களை எல்லாம் ஒரு பென்டிரைவுக்குள் அடைத்து லேப்டாப்பில் சொருகிவிடுகிறார்கள், பாடுகிறவர்கள் மட்டும் மேடையில் நிற்கிறார்கள். இதைப் பற்றி நான் புலம்பப் போவதில்லை. ஸ்டாண்டும் கீபோர்டும் தூக்கிக்கொண்டு மண்டபத்து மாடிப்படி ஏறியவளுக்குத்தான் பென்டிரைவின் அருமை தெரியும்.

நான் கற்றுக்கொண்ட கதை சின்னது. பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைப் பாட்டுக்கு ஆர்மோனியம் போட்டேன். வீட்டில் கேசட்டை ஓட்டி, நிறுத்தி, பின்னால் சுற்றி, மறுபடி ஓட்டிக் காதாலேயே பாட்டுகளைப் பிடித்தேன். மாமியார் வீட்டில் தடை சொல்லவில்லை. என் கணவருக்கு அப்போது மைக் செட் கடை. மேடைக்கு ஆள் வேண்டும் என்று மாஸ்டர் கேட்டபோது, "எங்க வீட்லயே ஒண்ணு இருக்குதுங்க" என்று அவர்தான் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

நயினார் மாஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆரணிப் பக்கம் பழைய சமணக் குடும்பம். வேட்டி, முழுக்கைச் சட்டை, தங்க ஃபிரேம் கண்ணாடி. கிடார் வாசித்தபடியே குழுவை நடத்துவார். டீ கொண்டு வருகிறவரைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். பொழுது சாய்ந்த பிறகு ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டார். நிகழ்ச்சி பெரும்பாலும் சாயங்காலம் என்பதால், மண்டபத்துக்குப் போனதும் நாங்கள் ஸ்பீக்கரைத் தேடுவோம், அவர் வெளிச்சம் இருக்கிற ஜன்னல் ஓரம் தேடி டிபன் கேரியரைப் பிரிப்பார். அவரைப் பார்த்துப் பார்த்து எங்கள் குழுவே வெயில் தாழச் சாப்பிடப் பழகிவிட்டது. அப்புறம் கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடும்போது பசிக்காது, அது வேறு வயிற்றெரிச்சல்.

அவர் திட்டி நான் கேட்டதே இல்லை. யாராவது தப்பாக வாசித்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்துவிட்டு, "இன்னொரு தரம் பாக்கலாங்களா?" என்பார். அவ்வளவுதான். அந்தத் துடைப்புக்குப் பயந்து டிரம்ஸ் வாசிக்கிற ஆறடி ஆள் நடுங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

அவரிடம் ஒரு பிடிவாதம் உண்டு. பாட்டு எந்தச் சுருதியில் பிறந்ததோ அதே சுருதியில்தான் மேடையிலும் பாட வேண்டும். கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதைத் தட்டினால் பாட்டு மொத்தமும் மேலேயோ கீழேயோ நகர்ந்துவிடும். வாசிக்கிறவள் விரலை மாற்ற வேண்டியதில்லை, பாடுகிறவருக்கும் எட்டாத இடம் எட்டிவிடும். சேர்ந்த புதிதில் ஒரு நாள் நான் அதைத் தட்டி ஜோராக வாசித்துவிட்டு இறங்கினேன். மறுநாள் ஒத்திகைக்கு வந்தால், அந்தப் பட்டன் மேல் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"ஜனங்க ரெக்கார்டை ஆயிரம் தரம் கேட்டிருக்காங்க. நீங்க கீழ எறக்கினா அவங்களுக்கு ஏன்னு தெரியாது, ஆனா ருசி கம்மியாயிடுச்சினு மட்டும் தெரியும்" என்றார்.

அன்றிலிருந்து நாங்கள் யாரும் அந்தப் பிளாஸ்திரியைத் தொட்டதில்லை.

இனி கதவுப் பாட்டு. இந்த ஊர்க்காரர்களுக்குத் திருவூடலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி: மாட்டுப் பொங்கலன்று சாமிக்கும் அம்மனுக்கும் சண்டை வரும். அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். சாமி தனியாக மலையைச் சுற்றி வருவார், அதற்குப் பிறகுதான் சமாதானம். ஒரு வருஷம் திருவூடல் தெருவில் கூட்டத்தோடு நின்று அந்தக் கதவு சாத்துவதைப் பார்த்துவிட்டு வந்த மாஸ்டர், கிடாரை எடுத்து ஒரு மெட்டுப் போட்டார். அவர் போட்ட மெட்டுகளில் பாதி ஒத்திகை அறையைத் தாண்டியதில்லை. இது தாண்டியது.

பாட்டில் சாமி இல்லை, அம்மன் இல்லை. ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி, நடுவில் ஒரு சாத்திய கதவு. அவன் வெளியே நின்றுகொண்டு அடித்தொண்டையில், "வாசல் வரைக்கும் வந்துட்டேன், வார்த்தை ஒண்ணு சொல்லு" என்று ஆரம்பிப்பான். அவசரமே இல்லாத தாளம். இரண்டாவது சரணத்தில் அவள் உள்ளேயிருந்து மேல் ஸ்தாயியில் பதில் சொல்வாள். கடைசியில் இரண்டு குரலும் சேர்ந்து, கதவு திறந்ததா இல்லையா என்று சொல்லாமலே பாட்டு முடிந்துவிடும்.

ரெக்கார்டில் பாடியது கருணாவும் அமுதாவும். கருணாகரனுக்கு வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை. அமுதா அதே வேங்கிக்காலில் வீட்டில் ஜாக்கெட் தைப்பாள். இரண்டு பேரும் கணவன் மனைவி என்றுதான் ஊரில் பாதிப் பேர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கருணாவின் மனைவி அமுதாவுக்கும் சேர்த்து டப்பா கட்டிக் கொடுத்தனுப்புவாள், அமுதாவின் புருஷன் கருணாவோடு சேர்ந்து கிரிக்கெட் பார்ப்பார். மேடையில் மட்டும்தான் இவர்களுக்குள் ஊடல், இறங்கிவிட்டால் சாதாரணச் சண்டை.

பாட்டை டவுன் பஸ் டிரைவர்கள்தான் முதலில் தூக்கிவிட்டார்கள். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஏறினால் கதவுப் பாட்டு, வேட்டவலம் பஸ்ஸில் ஏறினால் கதவுப் பாட்டு. பிறகு எஃப்எம், பிறகு கல்யாண வீடியோ, பிறகு எல்லார் போனிலும் ரிங்டோன். அதற்கப்புறம் எங்களை யார் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது, "அந்தப் பாட்டு அவங்க ரெண்டு பேரும்தானே பாடுவாங்க?" என்பதுதான். எங்கள் குழு ஓடியது அந்தப் பாட்டில்தான், சந்தேகமே வேண்டாம்.

அப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது அமுதாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைராய்டு. வேலூரில் காட்டினாள், கூட நான் போனேன். கெட்ட கட்டி இல்லை, ஆனால் எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள், உடம்பு தேறிவிட்டது. குரல்தான் தேறவில்லை. குரலுக்குப் போகிற நரம்பு கட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்ததாம். பக்குவமாகப் பிரித்திருக்கிறோம், பேச்சு வந்துவிடும், ஆனால் பழைய உயரம் வருமா என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொன்னபடியே ஆயிற்று. பேச்சு வந்தது, அதுவும் காற்று கலந்து, முன்னைவிடக் கனத்து வந்தது. மேல் ஸ்தாயி வரவில்லை.

அமுதா பேசுவதையே நிறுத்திவிட்டாள். இருக்கிற குரலையாவது பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று பயம். நான் போனால் கையால் உட்காரச் சொல்வாள், விரலைக் காட்டிக் காபியா டீயா என்பாள். வாயாடி என்று பேர் வாங்கியவள். தையல் மெஷின் சத்தம் மட்டும் கேட்கிற அந்த வீட்டில் காபியை வேகமாகக் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன்.

ஒத்திகைக்குக் கூப்பிட்டபோது வந்தாள். எங்கள் ஒத்திகை அறை திருவூடல் தெருவில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே, மொட்டைமாடியை ஒட்டி இருந்தது. கதவுப் பாட்டை எடுத்தோம். கருணா முதல் சரணம் பாடி முடித்தான். அமுதாவின் இடம் வந்தது. முதல் வரி தட்டுத் தடுமாறிப் போயிற்று, இரண்டாவது வரியில் மேலே ஏறும் இடத்தில் குரல் அப்படியே அறுந்து வெறும் காற்று வந்தது. மாஸ்டர் கண்ணாடியைத் தொடவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அன்று மாஸ்டர் தன் கையாலேயே அந்தப் பிளாஸ்திரியை உரித்தார். "எறக்கிப் பாருங்க தேவகி" என்றார். எந்த மனிதர், எந்தப் பட்டன்! இறக்கினேன். அமுதாவுக்குப் போதவில்லை. இன்னும் இறக்கினேன். அமுதாவுக்கு ஓரளவு எட்டியது. ஆனால் இப்போது கருணாவின் சரணம் பாதாளத்துக்குப் போய்விட்டது. ஏற்கனவே அடித்தொண்டையில் ஆரம்பிக்கிற வரி. "வாசல் வரைக்கும்" என்று கருணா பாடினால் கிணற்றுக்குள்ளிருந்து தவளை கூப்பிடுகிற மாதிரி இருந்தது. டூயட்டில் இதுதான் சிக்கல், ரம்யா. சுருதி ஒன்று, தொண்டை இரண்டு. ஒருத்தருக்காக இறக்கினால் இன்னொருத்தர் முழுகிப்போவார்.

கருணாவின் சரணத்தைப் பழைய சுருதியிலும் அமுதாவின் சரணத்தைக் கீழ்ச் சுருதியிலும் வாசித்துப் பார்த்தோம். நடுவில் மாறுகிற இடம், மேடு ஏறும் பஸ் கியர் மாற்றுவது போலக் கேட்டது. டிரம்ஸ்காரர் சிரித்துவிட்டார். அமுதா சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குள் கீழ்பென்னாத்தூரில் ஒரு நிகழ்ச்சி பேசி முடித்திருந்தார்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரம் செய்கிற ஒரு பெரியவருக்கு அறுபதாம் கல்யாணம். மகன் நேரில் வந்து மாஸ்டரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "அம்மாவுக்கு அந்தப் பாட்டுனா உசுருங்க. அதுக்காகத்தான் உங்களையே கூப்படறோம். பாடற அந்தம்மாவுக்கு முடியலேனா வேற யாரையாவது வெச்சிப் பாடிடுங்க, ஆனா அது இல்லாம வேணாம்."

வேலூரில் நன்றாகப் பாடுகிற ஒரு பெண் இருந்தாள். மாஸ்டர் அவளை வரச் சொல்லிக் கேட்டார், நானும் வாசித்தேன். சுத்தமான குரல், குறை சொல்ல இடமில்லை. கருணாதான் அவளோடு சேர்ந்து பாடியபோது மரக்கட்டை மாதிரி நின்றான். அவள் போனதும் மாஸ்டர் எங்களிடம் சொன்னார்: "கீழ்பென்னாத்தூருக்கு அமுதாவால முடியலேனா, இந்தப் பொண்ணைப் போட்டுடலாங்க. ஒரு தரம் போட்டா அப்பறம் அவங்கதான். மாத்தி மாத்திப் பாட வெச்சா ரெண்டு பேருக்கும் மரியாதை இல்ல. குழுவுல எல்லாரும் சாப்பிடணும்." அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது.

அமுதாவிடம் இதை நான்தான் போய்ச் சொன்னேன். துணியில் ஊசி குத்திக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்ததும் கரகரத்த குரலில், "கடைசியா ஒரு ஒத்திகை கேளுக்கா" என்றாள்.

கேட்டேன். மாஸ்டர் ஒத்துக்கொண்டார். குறித்த நாள் பௌர்ணமியாக அமைந்துவிட்டது. பௌர்ணமியன்று இந்த ஊரில் நேரத்துக்கு ஓரிடத்துக்குப் போய்ச் சேர்வது என்பது அவரவர் புண்ணியம். அமுதா காலையிலேயே கிளம்பி என் வீட்டுக்கு வந்துவிட்டதால் தப்பித்தாள். கருணா கடையை மூடிவிட்டுச் சாயங்காலம் கிளம்பினான். பைக்கை அந்தப் பக்கம் விடவில்லை, இந்தப் பக்கம் விடவில்லை, ஆட்டோவும் இல்லை, கிரிவலக் கூட்டத்தில் நடந்து வருகிறேன் என்று போன் வந்தது. மாஸ்டர் வெளிச்சம் போவதற்குள் சாப்பிட வேண்டும் என்று டிபன் கேரியரோடு மொட்டைமாடிக்குப் போய்விட்டார். அறையில் நானும் அமுதாவும் மட்டும்.

"கருணா வர்ற வரைக்கும் சும்மா உக்காராத. உன் சரணத்தை ஒரு தரம் பாத்துக்க" என்றேன்.

"நேரா அதுல ஏற முடியாதுக்கா. மொதல்லேர்ந்து வாசி. அவன் வரியை நான் முணுமுணுத்துக்கிட்டே வந்து ஏறிப் பாக்கறேன்."

மேடையில் அமுதாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கருணா பாடும்போது அவள் சும்மா நிற்க மாட்டாள். மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டு அவன் வரியை உதட்டளவில் கூடவே சொல்லிக்கொண்டிருப்பாள். தன் இடம் தப்பிவிடக் கூடாது என்பதற்காக ஆரம்பத்தில் வந்த பழக்கம். டூயட் பாடுகிற எல்லாருக்கும் எதிராளியின் பாட்டு மனப்பாடம்தான், சத்தம் போட்டுப் பாடியிருக்க மாட்டார்கள்.

நான் பழைய சுருதியிலேயே ஆரம்ப பிட்டை, பாட்டுக்கு முன்னால் வருகிற வாத்திய இசையை, வாசித்தேன். அமுதா முணுமுணுப்பாகத்தான் தொடங்கினாள். "வாசல் வரைக்கும் வந்துட்டேன்..."

நான் வாசிப்பது பழைய சுருதிதானா என்று என் கை மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அந்த வரி ஆணுக்குத்தான் பாதாளம். அதையே அவள் பெண் குரலில் ஒரு ஸ்தாயி மேலே எடுத்தபோது, சரியாக அவள் தொண்டையின் நடுவில், ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு மிச்சமிருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. அந்தக் கனமும் காற்றும் குறையாகவே தெரியவில்லை. நிஜமாகவே யாரோ ஒருத்தி வெகுதூரம் நடந்து வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு கதவுக்கு வெளியே நிற்பது போல இருந்தது. முணுமுணுப்பு இரண்டாவது வரியில் பாட்டாகிவிட்டது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

மாடிக்கதவில் நிழல் தெரிந்தது. மாஸ்டர் எச்சில் கையோடு நின்றுகொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு நடுவில் அவர் எழுந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. வெளியே பொழுது விழுந்துகொண்டிருந்தது. இனிமேல் போய் மிச்சத்தைச் சாப்பிட முடியாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

சரணம் முடிந்தது. "அமுதா, நீங்க இனிமே உள்ள போகாதீங்க. வெளியவே நில்லுங்க" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் விளங்கியது. அமுதா கருணாவின் சரணத்தைப் பாட வேண்டும், கருணா அமுதாவின் சரணத்தைப் பாட வேண்டும். பெண் குரலுக்கு மேல் ஸ்தாயியாக இருக்கிற இடம், ஒரு ஸ்தாயி இறக்கி ஆண் பாடினால் கருணாவுக்கு வெண்ணெய் மாதிரி வரும். சுருதியைத் தொடவே வேண்டாம். இவ்வளவு எளிமையான விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றாமல் போனதற்குக் காரணம் இந்த ஊர்தான். இங்கே பிறந்தவர்களுக்கு ஊடல் என்றால் பெண் உள்ளே, ஆண் வெளியே.

வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்த கருணாவும் அதையேதான் சொன்னான். "இன்னா மாஸ்டர், சாமிதானே வெளிய நிக்கும்? அம்மன் போய் கதவத் தட்டினா அது திருவூடலே இல்லையே. ஜனங்க ஒத்துக்குமா?"

"நான் அடுத்த வீட்டுக்காரன், கருணா. உங்க சாமி வீட்டுச் சண்டையில நான் எப்படிங்க தீர்ப்பு சொல்றது?" என்று மாஸ்டர் சிரித்தார். "இது புருஷன் பொண்டாட்டி பாட்டு. யார் வேணாலும் தட்டலாம்."

கருணா அரை மனதோடு அமுதாவைப் பார்த்தான். அவள் பல மாதங்களுக்குப் பிறகு அவனுக்குக் கையை ஆட்டாமல் வாயைத் திறந்து பதில் சொன்னாள்: "நான் இத்தனை மாசமா வெளியதாண்டா நிக்கறேன். புதுசா இன்னா?"

கருணா மைக்கை எடுத்துக்கொண்டு, அவள் எப்போதும் நிற்கிற பக்கம் போய் நின்றான். ஒத்திகை நடந்தது. நடந்தது என்றுதான் சொல்ல முடியும், நன்றாக நடந்தது என்று சொல்ல முடியாது. கருணாவுக்கு வரி எல்லாம் தெரியும், ஆனால் ஆரம்ப பிட்டைக் கேட்டதும் வாய் தானாகத் திறந்தது. மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அதன் கோல்டு கலரே போயிருக்கும்.

கீழ்பென்னாத்தூர் நிகழ்ச்சி பகலில். தாலி கட்டு முடிந்து, பந்தி போடுவதற்கு முன்னால் எங்கள் நேரம். மண்டபம் நிறைந்திருந்தது. மாலையோடு பெரியவரும் அவர் மனைவி ராஜேஸ்வரி அம்மாளும் முன் வரிசை சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். அமுதா பின்னால் ஒரு நாற்காலியில் வெந்நீர் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, யார் பேசினாலும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். வேலூர்ப் பெண்ணும் வந்திருந்தாள். மற்றப் பாட்டுகளை அவள்தான் பாடினாள், நன்றாகவே பாடினாள். ஒருவேளை அமுதாவுக்குக் குரல் அறுந்தால் அந்தப் பாட்டை எடுத்துக்கொள்வதற்கும் தயாராக இருந்தாள். அது எல்லாருக்கும் தெரியும், அமுதாவுக்கும்.

மகன் வந்து சைகை செய்தார். மாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் ஆரம்ப பிட்டை வாசித்தேன். அதைக் கேட்டதுமே கூட்டத்தில் கைதட்டல், விசில். பிட்டு முடிந்தது.

இரண்டு பேரும் சேர்ந்து ஆரம்பித்துவிட்டார்கள்.

கருணாதான். எத்தனை வருஷப் பழக்கம், தொண்டைக்கு மூளை சொல்வது எங்கே கேட்கப்போகிறது! "வாசல் வரைக்கும் வந்துட்டேன்" என்று கீழே அவன் குரல், மேலே அமுதாவின் குரல், ஒரே வரி, ஒரே மூச்சு. அமுதா நின்றுவிட்டால் முடிந்தது, பாட்டு அவனுடையதாகிவிடும். பிறகு அவளால் மேல் சரணத்துக்கும் போக முடியாது. மாஸ்டரின் கை கிடாரில் இருந்ததால் கண்ணாடியையும் துடைக்க முடியவில்லை, பாவம்.

அமுதா நிற்கவில்லை. கண்ணைத் திறந்து கருணாவை ஒரு முறை முறைத்தாள், அவ்வளவுதான், பாடிக்கொண்டே போனாள். அந்த முறைப்பில் அவனுக்கு உறைத்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு மைக்கைக் கீழே இறக்கினான். இரண்டு குரலாக இருந்த பாட்டு சட்டென்று ஒற்றைக் குரலாயிற்று. "வார்த்தை ஒண்ணு சொல்லு" என்று அவள் குரல் மட்டும் அந்த மண்டபத்தில் தனியாக நின்றது. பின் வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். நாங்கள் திட்டம் போட்டுச் செய்ததாகத்தான் அவர்கள் நினைத்திருப்பார்கள்.

கருணா அமுதாவின் சரணத்தைப் பாடினான். ஓர் ஆள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு, "இது கோபம் இல்ல, உன்னை நெனச்சு வந்த வலி" என்று பதில் சொல்வது இவ்வளவு பாந்தமாக இருக்கும் என்று எங்களுக்கே தெரிந்திருக்கவில்லை. கடைசியில் இருவரும் சேருகிற இடம் மிச்சமிருந்தது. அங்கே ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிற்கிற நீண்ட கார்வை. ஒத்திகையில் அமுதாவுக்கு இரண்டு தடவை நின்றுபோன இடம். நான் கீபோர்டில் அந்த ஸ்வரத்தை அழுத்தி, அவள் குரல் போனால் தாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக வைத்திருந்தேன். தேவையே படவில்லை. குரல் நடுங்கியது, அறவில்லை. முடியும்வரை நின்றது. நான் அழுதுவிட்டேன், மறைக்க ஒன்றுமில்லை. டிரம்ஸ்காரரும் மூக்கை உறிஞ்சினார், ஆனால் அவர் அதை ஜலதோஷம் என்று சொல்லிவிட்டார்.

கைதட்டல் ஓய்ந்ததும் ராஜேஸ்வரி அம்மாள் மாலையைக் கழற்றி சோபாவில் வைத்துவிட்டு மேடையருகே வந்தார். மகன் பின்னாலேயே ஓடி வந்தார். பாட்டை மாற்றிப் பாடிவிட்டோம் என்று கேட்கப்போகிறார்கள் என நான் நினைத்தேன். அந்த அம்மாள் அமுதாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பாட்டை எவ்ளோ காலமா பஸ்ல கேட்டுட்டு இருக்கேன்மா. கேக்கறப்பல்லாம் ஒண்ணு நெனச்சுப்பேன். எங்க வீட்டுக்காரரு எந்தக் காலத்துல வெளிய வந்து நின்னு கூப்பிட்டாரு? எப்பவும் நாந்தான் போய் கதவத் தட்டினேன். இன்னிக்குத்தாம்மா சரியா பாடினீங்க."

மண்டபமே சிரித்தது. பெரியவர் மின்விசிறியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வேலூர்ப் பெண் வந்து அமுதாவைக் கட்டிக்கொண்டு, "அக்கா, இனிமே அந்த இடத்துக்கு என்னைக் கூப்படாதீங்க, என்னால இப்படி முடியாது" என்றாள். நல்ல பெண். மற்றப் பாட்டுகளுக்கு அவள் எங்கள் குழுவிலேயே தங்கிவிட்டாள். அந்த அறுபதாம் கல்யாண வீடியோ எப்படியோ சுற்றுக்கு வந்து, மற்றக் குழுக்காரர்களும் பெண்ணை முதலில் பாட வைக்கத் தொடங்கினார்கள் என்பதெல்லாம் பிறகு நடந்தது.

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வேனில் ஏறினோம். பாடி முடித்தவர்கள் தொண்டைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், வண்டியில் யாரும் பேசக் கூடாது என்பது மாஸ்டரின் சட்டம். ஊர் எல்லையைத் தாண்டியிருக்க மாட்டோம், பின் சீட்டிலிருந்து அமுதாவின் குரல் கிளம்பியது.

"ஏண்டா, அத்தனை தரம் சொன்னேனே, பிட்டு முடிஞ்சா வாயைத் தெறக்காதனு சொன்னேனா இல்லையா?"

"தெரியாம வந்துட்டுதுடி."

"தெரியாம வந்துட்டுதா? எனக்கு உசுரே போயிட்டுது! நானு அங்க பயந்து செத்துட்டு நிக்கறேன், இவரு பாட்டுக்கு ஆ…னு ஆரம்பிச்சுட்டாரு! ஜெராக்ஸ் கடை வெச்சவனை எல்லாம் பாட வெச்சா இப்படித்தான், பழசையே திரும்பத் திரும்ப எடுக்கும்!"

"கத்தாதடி, தொண்டை போயிடப் போவுது."

"போனா போவுது! என் தொண்டை, நான் கத்துவேன்!"

வேன் முழுக்க அவள் சத்தம். கரகரப்பும் காற்றும் கனமும் எல்லாம் சேர்ந்து, ஒரு வார்த்தையைக்கூட மிச்சம் பிடிக்காமல், பழைய அமுதாவின் ரகளை. அவனுடைய கடை, அவனுடைய பைக், பௌர்ணமியன்று அவன் லேட்டாக வந்தது வரைக்கும் எதையும் விடவில்லை. கருணா வாங்கிக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தான். டிரம்ஸ்காரர் முன் சீட்டைப் பார்த்து, "மாஸ்டர், நீங்களாவது சொல்லுங்க, காது வலிக்குது" என்றார்.

மாஸ்டர் திரும்பவில்லை.

"கத்தட்டுங்க" என்றார்.